விண்டர்கிரீன் தைலமும் அதைத் தரும் சோலைப் புதரும்

உதகையில் வாங்கி வந்த விண்டர்கிரீன் தைலப் புட்டியைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தவை நான்கு. அது எந்தச் செடியிலிருந்து வருகிறது, கையில் இருப்பது அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இதய அடைப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வரும் உங்கள் அப்பா மூட்டுவலிக்கு அதைத் தேய்த்துக்கொள்வதும் சளி பிடித்திருக்கும் உங்கள் இரண்டு வயது மகனுக்கு மார்பில் தடவுவதும் சரியா, அந்தச் செடியை ஒட்டன்சத்திரத்தில் உங்கள் தோட்டத்தில் வளர்க்க முடியுமா என்பவை அவை. குழந்தையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு இந்தத் தைலத்தைத் தடவ வேண்டாம், முகரக் கொடுக்கவும் வேண்டாம், வெந்நீரில் சொட்டுவிட்டு ஆவி பிடிக்கவும் வேண்டாம். புட்டி இப்போது குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் எழுந்து போய் அதைப் பூட்டுள்ள அலமாரியில் வைத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் விண்டர்கிரீன் தைலம் தரும் செடியின் அறிவியல் பெயர் கால்தேரியா ஃப்ராக்ரான்டிசிமா. நம் மலைகளில் பூவரசு என்றும் காட்டுப்பூவரசு என்றும் சொல்லப்படும் சிவப்புப் பூ மரமான ரோடோடென்ட்ரான் சேர்ந்திருக்கும் எரிகேசியே குடும்பத்தைச் சேர்ந்தது இது. இந்தச் செடியும் இதன் நெருங்கிய உறவுகளும் இமயமலையின் கிழக்குப் பகுதி, மேகாலயத்தின் காசி மலை, நேபாளம், மியான்மர் எனக் குளிர்ந்த மலைகளில் எல்லாம் பரவியிருக்கின்றன. தென்னிந்தியாவில் ஏறத்தாழ 1500 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில், சோலைக்காட்டின் உள்ளிருட்டில் அல்லாமல் அதன் ஓரத்தில், புல்வெளியும் மரங்களும் சந்திக்கும் இடத்திலும் ஓடைக்கரைச் சரிவுகளிலும் பாதையோர வெட்டுக்கரைகளிலும் இது வளர்கிறது. தொட்டபெட்டா, அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் போனவர்களும் கொடைக்கானலிலிருந்து பேரிஜம் போகும் வழியில் நடந்தவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். பெயர் தெரியாததால் கவனித்திருக்க மாட்டார்கள்.

பார்த்தவுடன் கண்ணை இழுக்கும் செடி அன்று என்பதும் ஒரு காரணம். பெரும்பாலும் இடுப்பளவிலிருந்து ஆள் உயரம் வரை வளரும் புதர் இது; சில இடங்களில் சிறுமரம் போலவும் நிற்கும். இளங்கொம்புகளிலும் இலைக்காம்புகளிலும் ஒரு செம்மை ஓடும். இலை தடிப்பாகவும் விறைப்பாகவும் மேற்புறம் பளபளப்பாகவும் இருக்கும். விளிம்பில் நெருக்கமான நுண்பற்கள் உண்டு. இலையைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். பூக்கள் வெண்மையும் இளம்பச்சையும் கலந்தவை, சில சமயம் லேசான இளஞ்சிவப்புச் சாயை உள்ளவை. வாய் குறுகிய சின்னஞ்சிறு குடங்களைப் போல, இலைக்கக்கத்திலிருந்து நீளும் ஒரு காம்பில் வரிசையாகக் கீழ்நோக்கித் தொங்கும். காய் முற்றும்போது நடக்கும் மாற்றம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையான காய் ஓர் உலர்ந்த வெடிகனி; ஆனால் பூவின் புல்லிவட்டம் உதிராமல் சதைப்பற்றாகப் பருத்து, கருநீல நிறமேறி, அந்தக் காயை மூடிக்கொள்கிறது. பறவைகளும் மலைப்பிள்ளைகளும் பழம் என்று தின்பது இந்தப் புல்லியைத்தான்.

இவ்வளவையும் மறந்துவிட்டாலும் ஓர் இலையைக் கசக்கினால் போதும். சுளுக்குக்குத் தேய்க்கும் களிம்பு டப்பாவைத் திறந்தது போன்ற வாசனை சற்று நேரத்தில் எழும். நோகும் மூட்டில் இந்த இலையை நசுக்கி வைத்துக் கட்டுவதும் நீரில் கொதிக்கவிட்டு அந்த நீரால் ஒத்தடம் கொடுப்பதும் இது வளரும் மலைகளில் வழங்கிவந்த மருத்துவம். நேபாளத்தில் இன்றும் கிராமத்து மக்கள் காட்டில் இலை சேகரித்து, சிறு வடிகலன்களில் எண்ணெய் எடுத்து விற்கிறார்கள். ஆயுர்வேத வலிநிவாரணிக் களிம்புகளின் உறையில் கந்தபுரா தைலம் என்று அச்சிட்டிருப்பது இந்த விண்டர்கிரீன் எண்ணெயைத்தான். அதே உறையில் நீலகிரி தைலம் என்று இருந்தால் அது யூகலிப்டஸ். 1843-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த, இங்கே கற்பூர மரம் என்று சொல்லும் தைல மரத்தின் எண்ணெய் அது. வந்த மரத்துக்கு மலையின் பெயர் கிடைத்துவிட்டது. ஆதியிலிருந்து இங்கேயே நிற்கும் புதருக்குக் கடையில் ஆங்கிலப் பெயர். அது கிடக்கட்டும். இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பயன்படுத்துவதுதான் ஆபத்து. அடுத்தடுத்து அடுக்கி வைத்த ஒரே அளவுப் புட்டிகளில், இரண்டும் நிறமற்ற திரவமாக, இரண்டும் தலைவலி, சளி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற ஒரே வாக்கியத்தோடு விற்கப்படுகின்றன. யூகலிப்டஸ் எண்ணெயின் முதன்மைச் சரக்கு சினியோல். விண்டர்கிரீன் எண்ணெயின் முதன்மைச் சரக்கு மெத்தில் சாலிசிலேட். பின்னது ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இந்த ஓர் உண்மையிலிருந்துதான் கிளைக்கிறது.

தைலம் காய்ச்சும் முறையைத் தெரிந்துகொண்டால் செடியின் குணமும் புரியும். யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் எண்ணெயாகவே நுண்ணறைகளில் நிரம்பியிருப்பதால், இலையைச் செம்புக் கலத்தில் திணித்து அடுப்பை மூட்டினால் நீராவியோடு அது ஏறி வந்துவிடும். விண்டர்கிரீன் இலையில் அப்படியில்லை. மெத்தில் சாலிசிலேட் அங்கே சர்க்கரையோடு பிணைந்து கால்தேரின் என்ற மணமற்ற பொருளாக இருக்கிறது. இலை நசுங்கும்போது, அதுவரை தனியே இருந்த ஒரு நொதி அந்தப் பொருளோடு கலந்து பிணைப்பை வெட்டுகிறது. மணம் அப்போதுதான் பிறக்கிறது. கசக்கிய இலை உடனே மணக்காமல் சற்றுத் தாமதித்து மணப்பதன் காரணமும் இதுதான். ஆகவே காய்ச்சுகிறவர்கள் இலையை நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவாவது ஊறப்போட்ட பிறகே அடுப்பேற்றுவார்கள். அவசரப்பட்டு நேரடியாகக் கொதிக்கவிட்டால் வெப்பத்தில் நொதி அழிந்து எண்ணெய் மிகக் குறைவாகவே இறங்கும். நன்றாக ஊறிய இலையிலும் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ எண்ணெய்கூடத் தேறுவது கடினம்.

வடித்து இறங்கும் நீரைப் பிடிக்கும் பாத்திரத்திலும் ஒரு வேறுபாட்டைக் காணலாம். யூகலிப்டஸ் எண்ணெய் நீரின் மேல் மிதக்கும், மேலாக வழித்தெடுக்கலாம். விண்டர்கிரீன் எண்ணெய் நீரைவிடக் கனமானது. ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய 1.18 கிராம் நிற்கும். அதனால் அது பாத்திரத்தின் அடியில் போய்த் தங்கும்; அடிக்குழாயைத் திறந்துதான் பிரிக்க வேண்டும். மூலிகை எண்ணெய்களில் நீரில் மூழ்குபவை மிகச் சிலவே. கிராம்பு எண்ணெயும் இலவங்கப்பட்டை எண்ணெயும் மற்ற உதாரணங்கள். இரும்புத் துருவோடு தொடர்பு பட்டால் இந்த எண்ணெய் சிவந்த நிறம் கொள்ளும். சாலிசிலேட்டும் இரும்பும் சேர்ந்து செவ்வூதா நிறம் தருவது வேதியியல் ஆய்வகங்களில் அன்றாடம் செய்து பார்க்கும் சோதனை. எனவே லேசான செந்நிறம் கண்ட எண்ணெயைக் கெட்டுப்போனது என்றோ, அதனால்தான் அசல் என்றோ எண்ணத் தேவையில்லை. பழைய இரும்புக் கலத்தில் காய்ச்சியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

நீலகிரி விண்டர்கிரீனுக்கு ஒரு சிறிய வரலாறும் உண்டு. வட அமெரிக்காவில் தரையோடு படரும் இதன் உறவுச் செடியான கால்தேரியா ப்ரோகம்பென்ஸ் தரும் எண்ணெயில் மெத்தில் சாலிசிலேட் இருப்பதை 1840-களிலேயே வேதியியலார் கண்டுபிடித்துவிட்டனர். சின்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைன் எடுக்கும் பணிக்காக சென்னை அரசு உதகையில் அமர்த்தியிருந்த வேதியியலாளர் ஜான் பிரவுட்டன், நம் மலைச்செடியின் எண்ணெயும் அதே பொருள்தான் என்று 1870-களின் தொடக்கத்தில் காட்டினார். அதிலிருந்து கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியை எடுக்கலாம் என்பதும் அவர் கண்டதே. ஆங்கில அறுவை மருத்துவர் லிஸ்டர் அறுவைச் சிகிச்சையில் கார்பாலிக் அமிலத்தைப் புகுத்தி அதிக காலம் ஆகாத நேரம் அது. கிருமிநாசினிக்கு எங்கும் தேவை இருந்தது. ஆனால் நிலக்கரித் தாரிலிருந்து அதே அமிலம் மிக மலிவாகக் கிடைத்ததால் அந்த யோசனை ஏட்டோடு நின்றது. பிறகு 1874-இல் ஜெர்மன் வேதியியலாளர் கோல்பே, ஆஸ்பிரினுக்கு மூலப்பொருளான சாலிசிலிக் அமிலத்தை ஆலையில் பெருமளவில் செய்யும் முறையை வகுத்தார். 1899-இல் ஆஸ்பிரின் சந்தைக்கு வந்தது. கீல்வாதத்துக்குச் செடியிலிருந்து எடுத்த சாலிசிலேட்டை நம்பியிருந்த காலம் அத்தோடு முடிந்தது. நம் மலைப்புதர் பெருந்தோட்டப் பயிராக ஆகாமல் தப்பித்ததை ஒரு வகையில் அதிர்ஷ்டம் என்றே கொள்கிறேன். சின்கோனாவுக்கும் தேயிலைக்கும் கற்பூர மரத்துக்கும் எத்தனை சோலைகள் போயின என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும்.

இனி அசலா என்ற கேள்வி. ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீர் எடுத்து, பஞ்சுக்குச்சியால் ஒரு சொட்டுத் தைலத்தை விடுங்கள். சொட்டு உருண்டு அடியில் போய் நின்றால், புட்டியில் பெரும்பங்கு மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. மிதந்தால், யூகலிப்டஸோ, திரவப் பாரஃபினோ, வேறு எண்ணெயோ ஏராளமாகக் கலந்திருக்கிறது அல்லது புட்டியே மாறிவிட்டது. சோதித்த நீரையும் தம்ளரையும் உடனே கழுவிவிடுங்கள். அந்தத் தம்ளரைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாமல் இருப்பது இன்னும் நல்லது. பாலிஸ்டைரீன் போன்ற சில பிளாஸ்டிக்குகளை இந்த எண்ணெய் இளக்கிவிடும் என்பதால் கண்ணாடித் தம்ளரைச் சொன்னேன். புட்டியும் கண்ணாடியாகவே இருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சோதனையில் தேறுவதெல்லாம் செடியிலிருந்து வந்தது என்று ஆகாது. சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தனாலையும் சேர்த்து ஆலையில் செய்யும் மெத்தில் சாலிசிலேட்டும் இதே போல்தான் மூழ்கும், இதே போல்தான் மணக்கும். செடியின் எண்ணெயிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அதே பொருள்தான் இருக்கிறது. மீதியில் மணத்துக்கு ஒரு மென்மை தரும் சில நுண்சரக்குகள் உள்ளன. உயிருள்ள செடியில் இருக்கும் கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமம் பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருளில் இருக்காது என்பதை வைத்து ஆய்வகத்தில் பிரித்தறியலாமே தவிர, மூக்கை வைத்தோ விலையை வைத்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. இலையில் எவ்வளவு எண்ணெய் இறங்கும் என்று மேலே சொன்னேன். மலையில் இலை பறிக்க யாருக்கு அனுமதி உண்டு என்பதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டையும் வைத்துப் பார்த்தால், மலையூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் விண்டர்கிரீன் எல்லாம் இலையிலிருந்து இறங்கியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இதை மோசடி என்று கொதிப்பவர்கள் பலர். செடியின் பெயரைச் சொல்லி ஆலைச் சரக்கை விற்பது தவறுதான். ஆனால் அப்பாவின் முழங்காலுக்கு இரண்டும் செய்யும் வேலை ஒன்றே, இரண்டிலும் இருக்கும் ஆபத்தும் ஒன்றே. அசல் என்றால் பக்கவிளைவு இல்லை, மூலிகை என்றால் எவ்வளவும் தேய்க்கலாம் என்ற நம்பிக்கைதான், போலியைவிட அதிகம் கெடுதல் செய்வதாக நான் கருதுகிறேன்.

இந்தத் தைலம் எவ்வளவு வீரியமானது என்பதைக் கணக்கோடு சொன்னால்தான் மனதில் பதியும். ஒரு மில்லிலிட்டர் விண்டர்கிரீன் எண்ணெயில் இருக்கும் சாலிசிலேட், சுமார் 1.4 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இதய நோயாளிகள் நாளுக்கு ஒன்று சாப்பிடும் 75 மில்லிகிராம் மாத்திரைக் கணக்கில் அது தொண்ணூறு மாத்திரைக்கும் மேல். இந்த அளவு, சில சமயம் இதைவிடக் குறைந்த அளவும்கூட, சிறு குழந்தையின் உயிரைப் போக்கியிருப்பதை மருத்துவ இலக்கியம் பதிவுசெய்திருக்கிறது. மாத்திரையைப் போல மெல்ல மெல்லக் கரையாமல், திரவமாக இருப்பதால் வேகமாக உடலில் ஏறுகிறது. இனிப்பு மிட்டாயின் வாசனையும் இருப்பதால் குழந்தை துப்பாமல் விழுங்கிவிடவும் கூடும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை நாக்கில் பட்டதற்கு மேலாக எவ்வளவு விழுங்கியிருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அமெரிக்க நச்சுக் கட்டுப்பாட்டு மையங்களின் வழிகாட்டுதல். வாந்தி, காதில் இரைச்சல், மூச்சு வேகமாக வாங்குதல், காய்ச்சல், பிதற்றல், வலிப்பு என்று அறிகுறிகள் ஏறிக்கொண்டு போகும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது; உப்புக்கரைசல் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; 108-ஐ அழைத்துவிட்டு, புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

தடவினால் மட்டும் என்ன என்று கேட்பீர்கள். மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக நன்றாகவே உள்ளே போகும். போகும் வழியிலேயே உடலின் நொதிகள் அதைச் சாலிசிலிக் அமிலமாக மாற்றிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். காய்ச்சலும் சளியும் உள்ள குழந்தைகளுக்குச் சாலிசிலேட் கொடுப்பதால், அரிதாக என்றாலும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் வரக்கூடும் என்பதால்தான் சிறு வயதினருக்கு ஆஸ்பிரின் தருவதை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். மாத்திரையாகத் தரக் கூடாததை மார்பில் தேய்த்து ஏற்றுவதில் பொருளில்லை. யூகலிப்டஸ் எண்ணெயையும் கற்பூரத்தையும் இந்த வயதில் தவிர்ப்பதே நல்லது. கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. இரண்டு வயதுக் குழந்தையின் சாதாரணச் சளிக்கு வேண்டியது ஓய்வும் வெதுவெதுப்பான நீராகாரமும்தான். மூச்சிரைப்போ, மார்புக்கூடு உள்வாங்குவதோ, பால் குடிக்க மறுப்பதோ தெரிந்தால் தைலம் எதையும் தேடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

அப்பாவின் விஷயம் வேறு. பெரியவர்களுக்கு அளவோடு தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் அவர் சாப்பிடும் மாத்திரை என்ன என்பதைப் பொறுத்துத்தான் அதையும் சொல்ல முடியும். வார்ஃபரின் அல்லது அசெனோகௌமரால் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை என்றால், இந்தத் தைலத்தையும் இது கலந்த களிம்புகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வெளியே தடவிய மெத்தில் சாலிசிலேட் அந்த மாத்திரையின் வேலையை மிகைப்படுத்தி, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை உயர்த்தி, இரத்தக்கசிவில் கொண்டுபோய் விட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் என்றால் ஆபத்து அந்த அளவு இல்லை. எனினும் அதே வகைச் சரக்கு மேலும் மேலும் சேர்கிறது என்பதால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது புட்டியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள், ஆஸ்பிரினால் இளைப்பு கூடும் ஆஸ்துமாக்காரர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் இதை ஒதுக்கிவிட வேண்டும்.

மருத்துவர் சரி என்றால், புட்டியில் இருப்பதை அப்படியே தேய்க்காமல் 100 மில்லிலிட்டர் நல்லெண்ணெயில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் மட்டும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் ஆகும், ஆனால் மலையில் மார்கழியில் அது உறைந்துவிடும். உங்கள் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. கலந்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி ஒரு முழங்காலுக்குப் போதும். அதில் இருக்கும் விண்டர்கிரீன் கால் மில்லிலிட்டர்தான். நாளுக்கு இரண்டு வேளை, தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் தேய்க்கலாம். தேய்த்த இடத்தில் துணியை இறுக்கிச் சுற்றுவதோ, வெந்நீர்ப் பையையோ சூடான மணல் ஒத்தடத்தையோ வைப்பதோ கூடாது. நம் வீடுகளில் இதைத்தான் பெரும்பாலும் செய்கிறோம். தைலத்தைத் தேய்த்து, கம்பளித் துணியால் கட்டி, அதன்மேல் சூடு வைத்துவிட்டுப் படுக்கிறோம். வெப்பத்தில் தோலின் இரத்த ஓட்டம் கூடி மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும், தோலும் வெந்துபோகும். மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்த களிம்புகளால் தோல் வெந்த நிகழ்வுகளைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012-இல் பொது எச்சரிக்கை விடுத்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில், பதினேழு வயது ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர் தசைவலிக் களிம்புகளை அளவின்றித் தேய்த்துக்கொண்டதால் மெத்தில் சாலிசிலேட் நஞ்சேறி இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை அதிகாரிகள் முடிவு செய்தனர். அவர் விழுங்கவில்லை, தேய்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எண்ணெயைக் கலந்து வைக்கும் புட்டியின் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். மீதமுள்ள தைலத்தை இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கண்ணைத் தொடவோ குழந்தையைத் தூக்கவோ வேண்டும்.

பலன் எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், பெரிதாக இல்லை. தேய்த்த இடத்தில் இரத்த ஓட்டம் கூடி, தோலில் ஒரு சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தெரிந்து, உள்வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது. உள்ளே இறங்கும் சாலிசிலேட் ஓரளவு வீக்கத்தைத் தணிக்கிறது. சாலிசிலேட் கலந்த மேற்பூச்சுகளைப் பற்றி நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து 2014-இல் வெளியான, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வமைப்பின் மதிப்பாய்வு, நாள்பட்ட மூட்டுவலிக்கு இவை நல்ல பலன் தருகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறியது. புதிதாக வந்த சுளுக்கு, தசைப்பிடிப்பு ஆகியவற்றிலும் கிடைத்த சான்றுகள் தரம் குறைந்தவை. எனவே சுளுக்கு விழுந்த அன்று இதம் தரும் ஒரு மேற்பூச்சாக மட்டும் இதைக் கொள்ளுங்கள். வருடக்கணக்கான முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக்குறைப்பும் தரும் பயனில் ஒரு பங்கைக்கூட இந்தப் புட்டி தராது.

தோட்டத்தில் வளர்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒட்டன்சத்திரத்துச் சமவெளிச் சூட்டில் இது பிழைக்காது. கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர், உதகை 2240 மீட்டர்; இந்தச் செடிக்குப் பழகிய காற்று அங்கேதான் இருக்கிறது. குளிர் மட்டும் இருந்தாலும் போதாது. புளிப்பான, மட்கு நிறைந்த, நீர் தேங்காத மண் வேண்டும். எரிகேசியே குடும்பத்துச் செடிகளின் மயிரிழை வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருந்து அந்தச் சத்தற்ற மண்ணிலிருந்து உணவைப் பிரித்துக் கொடுக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியில் அந்தக் கூட்டு முறிந்துபோவதால் பெரும்பாலும் சில மாதங்களிலேயே காய்ந்துவிடும். கொடைக்கானலில் நிலம் உள்ள உறவினர் யாரேனும் இருந்தால், தம் நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் புதரின் தாழ்ந்த கிளையை மண்ணில் பதித்து வேர்விடச் செய்து பெருக்கலாம். விதை தூள் போன்றது. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

காட்டிலிருந்து கொண்டுவரலாமே என்ற எண்ணம் வேண்டாம். முக்குருத்தி தேசியப் பூங்காவானாலும் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமானாலும் பிற காப்புக் காடானாலும் அனுமதியின்றி இலை பறிப்பதே குற்றம்; செடியைப் பிடுங்குவதைச் சொல்லவே வேண்டாம். சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கும் உரிமை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கும் வனத்தை நம்பி வாழும் பிற மக்களுக்கும் உண்டு. சுற்றுலாப் பயணிக்கு இல்லை. சோலையோரத்தில் வாட்டில் எனப்படும் சீகை மரமும் ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூப் புதரும் வந்து நெருக்கும் இடங்களில், இந்தச் செடிக்கு ஏற்கெனவே இடம் குறைந்துகொண்டு வருகிறது.

உங்கள் நிலத்துக்கு ஏற்ற புதர் நொச்சி. வேலியோரத்தில் ஒரு போத்தை ஒடித்து நட்டால் போதும். ஆடுமாடுகள் அதிகம் மேய்வதில்லை, ஊதாப் பூங்கொத்தைத் தேனீக்கள் தேடி வரும். அதன் இலையைச் சட்டியில் வதக்கி, துணியில் முடிந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பது சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் முறை. விண்டர்கிரீனோடு சூட்டைச் சேர்க்கக் கூடாது என்றேன். நொச்சிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் ஒரே நாளில், ஒரே காலில் இரண்டையும் செய்ய வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். காலையில் தேய்த்த தைலம் தோலில் இருக்கும்போதே மாலையில் சூடான நொச்சி முடிச்சு வைத்தால் முன்சொன்ன ஆபத்து அப்படியே திரும்பி வரும்.